கலியாணத்துக்கு முதல்நாள்

பெரியம்மா,

இன்று காலை குசினியில் வாழைக்காய் அவியும் மணம் வந்தபோதுதான் என்ன நாள் என்று எனக்கு உறைத்தது. பெரியப்பாவின் திவசம். மனைவி எனக்கு முந்தி எழும்பி, முழுகி, அடுப்பு மூட்டியிருந்தாள். ஐயர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். சரியான திதி இதுவல்ல என்பது இந்த வீட்டில் எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். ஐயருக்குச் சொல்லவில்லை. சொன்னால் பஞ்சாங்கத்தை விரித்துக்கொண்டு மத்தியானம்வரை எழும்பமாட்டார். அவர் வருவதற்குள் உங்களுக்கு இதை எழுதிவிடலாம் என்று மேசையில் உட்கார்ந்தேன்.

பெரியப்பாவை நான் பார்த்ததில்லை. என் அப்பாவின் அண்ணன். கொழும்பில் நில அளவை வேலை. உங்களைக் கலியாணம் முடித்து ஒன்பதாம் மாதம், உலக யுத்தம் நடந்துகொண்டிருக்க, விமானப்படைக்குப் பேர் கொடுத்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வரைபடம் பார்த்து வழி சொல்லும் வேலைக்கு அவரைப் பழக்கினார்கள். பழகும் காலத்திலேயே, பனிப்புகார் மூடிய ஒரு நாள், அவர் இருந்த விமானம் மலையில் மோதியது. இதுதான் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த முழுக்கதை.

ஊருக்கு இது போதவில்லை. நீர்வேலியில் பாதிப் பேர் அவர் ஜேர்மன்காரனோடு சண்டை பிடித்துச் செத்தவர் என்றே சொல்லி வந்தார்கள். ஒருமுறை பள்ளிக்கூட விழா ஒன்றில் அதிபர் உங்களை மேடைக்கு அழைத்து, போர்முனையில் உயிர்விட்ட வீரரின் துணைவியார் என்று அறிமுகப்படுத்தினார். நீங்கள் ஒலிவாங்கிக்குக் கிட்டப் போய், "சண்டையிலை இல்லை. பழகேக்கை," என்று சொல்லிவிட்டு வந்து இருந்தீர்கள். சபை சிரிப்பதா கைதட்டுவதா என்று தெரியாமல் விழித்தது. வீட்டுக்கு வரும் வழியில் நான் ஏன் என்று கேட்டேன். பொய்யாக ஒரு மரியாதை எதற்கு என்றீர்கள். அத்தோடு நிறுத்தாமல், ஊர்க் காணியெல்லாம் அளந்து படம் கீறின மனுசன் முன்னால் நின்ற மலையைக் காணவில்லையே என்று நீங்களே பகிடியும் விட்டீர்கள். கொஞ்சத் தூரம் போனபின் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தீர்கள்.

தனியாக இருக்கிறீர்கள் என்று ஐந்து வயதில் என்னை உங்கள் வீட்டுக்குப் படுக்க அனுப்பினார்கள். வளர்ந்த பிறகும் நான் பாதி நாள் உங்கள் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தேன். என் பிள்ளைகளும் அப்படித்தான். இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட அறையில் பத்துக் குடும்பங்களோடு இருந்த வருடத்திலும் மூன்று கல்லை அடுக்கிச் சமைத்து நீங்கள் பெரியப்பாவின் திவசத்துக்கு இலை போட்டீர்கள். அதற்கு முந்திய வருடங்களில், குண்டு போட விமானம் சுற்றும்போது, எல்லோரும் பங்கருக்குள் குனிந்திருக்க நீங்கள் வாசலடியில் நின்று அண்ணாந்து பார்ப்பீர்கள். ஒருநாள் நான் கையைப் பிடித்து இழுத்தே விட்டேன். "உதுக்குள்ளையும் ஆரோ ஒருத்தியின்ரை புருசன் இருப்பான்," என்றீர்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எங்கள் தலைமேல் சுற்றுகிறவனுக்கு நீங்கள் பரிதாபப்படுவதா என்று கத்தினேன். அந்தக் கோபம் ஆற எனக்குக் கனவருடம் பிடித்தது.

இவ்வளவு வாய்க்காரியான நீங்கள் கலியாண வீடென்றால் மட்டும் வேறு ஆளாகிவிடுவீர்கள். சமையலுக்கு முதல் ஆளாய் வருவீர்கள். தாலி கட்டும் நேரம் குசினியை விட்டு அசையமாட்டீர்கள். என் மூத்தவளை நீங்கள்தான் மடியில் வைத்து வளர்த்தீர்கள். அவளுடைய கலியாணத்தில் அறுகரிசி போட்டு வாழ்த்த வாருங்கள் என்று நானே வந்து கூப்பிட்டபோது, பாயாசம் அடிப்பிடிக்கிறது என்று சொல்லித் திரும்பிவிட்டீர்கள். பிறகு நான் போய்ப் பார்த்தேன். பாயாசம் அடிப்பிடிக்கவில்லை.

சமாதானம் பேசிப் பாதை திறந்திருந்த காலத்தில் அந்த மூத்தவளின் பிள்ளைப்பேற்றுக்காக நான் லண்டன் போனேன். உங்களுக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வடக்கே நெடுந்தூரம் காரில் கூட்டிக்கொண்டு போனார். ஒரு சின்ன ஊர்த் தேவாலயத்தின் பின்பக்கம், ஒரே அளவான வெள்ளைக் கற்களின் வரிசையில், எங்கள் குடும்பப் பெயரைக் கண்டேன். கல்லுக்கு விபூதி பூசினேன். யாரும் பார்க்கிறார்களோ என்று மருமகன் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நின்றார். அதன்பிறகுதான் பெயருக்குக் கீழே இருந்த திகதியை வாசித்தேன். பெரியப்பா செத்தது என்று நாங்கள் வைத்திருந்த திகதிக்கு அது இரண்டு நாள் முந்தியது.

தந்தி வந்த அன்று அதை வாங்கி வாசித்தவர் என் அப்பா. அவருக்கு அப்போது இருபது வயது. வீட்டில் இங்கிலீசு தெரிந்த ஒரே ஆள். அவர் சொன்ன திகதியை வைத்துத்தான் ஐயர் திதி கணித்தார். பின்னால் வந்த அரசாங்கக் கடதாசிகளிலும் திகதி இருந்திருக்கும். ஒருமுறை முடிவான விடயத்தைத் திரும்பப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவசரத்தில் பிழையாக வாசித்துவிட்டார் என்றே நினைத்தேன். ஊர் திரும்பி மூன்று கிழமை உங்களுக்குச் சொல்லாமல் திரிந்தேன். அறுபது வருடத்துக்குக் கிட்டப் பிழையான நாளில் விரதம் பிடித்தீர்கள் என்று எந்த வாயால் சொல்வது?

கடைசியில் ஒரு பின்னேரம், நீங்கள் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருக்கும்போது சொன்னேன். நீங்கள் அழவில்லை. விரலை மடித்து எண்ணினீர்கள்.

"அப்ப அது தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு முதல்நாள்."

எனக்கு விளங்கவில்லை. நீங்கள்தான் விளக்கினீர்கள். உங்கள் தங்கச்சியின் கலியாணம் முடிந்து, நாலாம் சடங்குக்கு வீடு ஆயத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது அந்தத் தந்தி வந்தது. கலியாணத்தன்று மாப்பிள்ளை பொம்பிளைக்கு ஆராத்தி எடுத்தது நீங்கள். ஆராத்தி சுமங்கலிகள் எடுப்பது. பெரியப்பா கலியாணத்துக்கு மறுநாள் செத்தார் என்று அப்பா சொன்னார். அதனால் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. முதல்நாள் என்று தெரிந்திருந்தால், தாலி இழந்தவள் ஆராத்தி எடுத்த கலியாணம் என்று மாப்பிள்ளை வீட்டார் அங்கேயே தொடங்கியிருப்பார்கள். உங்களையும் விட்டிருக்கமாட்டார்கள், உங்கள் தங்கச்சியையும் விட்டிருக்கமாட்டார்கள்.

"கொப்பர் பிழையாய் வாசிக்கிற ஆளில்லைத் தம்பி," என்றீர்கள். "ஊரிலை ஆருக்குத் தந்தி வந்தாலும் அவரிட்டைத்தான் கொண்டு வாறவை. அந்தத் தந்தியைப் பிறகு ஒருத்தரும் காணேல்லை."

அப்பாவைக் கேட்க வழியில்லை. ஆனால் நீங்கள் சொன்னதும் எனக்கு அது சரியென்று பட்டது. அப்பா அப்படிச் செய்யக்கூடியவர்தான். தமையன் செத்த தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு, இருபது வயதில், நின்ற நிலையில் அதை யோசித்திருக்கிறார்.

நீங்கள் கொஞ்சநேரம் இலையை ஆய்ந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "என்னைக் காப்பாத்தத்தான் செய்தவர். ஆனால் எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம். தங்கச்சிக்கும் அவளின்ரை மனுசனுக்கும் ஒரு குறையும் வரேல்லை. எட்டுப் பிள்ளையள், பேரப்பிள்ளையள். போன வருசந்தானே அவர் போனவர். இது தெரிஞ்சிருந்தால் நான் இவ்வளவு காலம் குசினிக்குள்ளை நிண்டிருக்கமாட்டன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்களுக்கு வரவில்லை. திதியை மாற்றுவோமா என்று கேட்டதற்கு, அவர் வழக்கமாய் வருகிற நாளில் வரட்டும், புதுநாளில் சமைத்துவிட்டு ஆளைத் தேடிக்கொண்டு இருக்க ஏலாது என்றீர்கள். எழும்பும்போது இன்னொன்றும் சொன்னீர்கள். என் சின்னவளுக்கு வரப்போகும் ஆவணியில் கலியாணம் பேசி முடித்திருந்தோம். அதற்கு ஆராத்தி நீங்கள் எடுப்பதாகச் சொன்னீர்கள். பார்ப்போம் என்று இழுத்தேன். மாப்பிள்ளை வீட்டார் புது ஆட்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"பார்க்க என்ன கிடக்கு? நான் சோதினை பாஸ் பண்ணித்தானே வைச்சிருக்கிறன்," என்றீர்கள்.

கலியாணத்தன்று கரை போட்ட வெளிர்மஞ்சள் சேலை உடுத்து, விபூதிக்குக் கீழே சின்னதாய்ச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தீர்கள். தட்டத்தின் மறுபக்கத்தைப் பிடிக்க என் மனைவியின் அக்கா தானாகவே வந்து நின்றா. மாப்பிள்ளையின் மாமி ஒருத்தி மட்டும் உங்கள் வெறுங்கழுத்தைப் பார்த்துக்கொண்டே கிட்ட வந்தா. நான் ஓடிவரப் பார்த்தேன், சனத்துக்குள் முடியவில்லை. இரண்டடி தள்ளி நின்ற எனக்கு அவ கேட்டது காதில் விழுந்தது.

"அம்மாவின்ரை அவர் எங்கை, வரேல்லையோ?"

ஒரு பொய் போதும், ஆனால் நீங்கள் மேடையிலேயே பொய்யைப் பொறுக்காத ஆள்.

"அவர் இங்கிலாந்திலை," என்றீர்கள்.

"கனகாலமோ?"

"ஓம், கனகாலம்."

அந்த மாமியின் முகம் இளகிவிட்டது. தன்னுடைய இரண்டு பெடியங்களும் அங்கேதான், அவங்களும் வருகிறதாயில்லை என்று சொல்லி, உங்கள் தோளில் கை வைத்துவிட்டு விலகி இடம் விட்டா. நீங்கள் ஆராத்தி எடுத்தீர்கள். சின்னவளுக்கு இப்போது மூன்று பிள்ளைகள்.

நீங்களும் போய்ச் சேர்ந்த பிறகு, யாராவது பெரியப்பாவைப் பற்றி விசாரித்தால், நானும் அந்த மறுமொழியைத்தான் சொல்கிறேன். போன மாதம் மனைவியிடமும் ஒன்று சொல்லி வைத்தேன்: நான் முந்திப் போனால் நீர் குசினிக்குள் போய் நிற்கக்கூடாது. அப்ப நீங்கள் எந்த நாட்டிலை இருக்கிறதாய்ச் சொல்லட்டும் என்று அவள் கேட்டாள்.