நாலாம் மாடியைப் பற்றிப் பதினாறு வரிகள்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் குழந்தையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வந்தால் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும், உனக்கு ஆபீஸிலிருந்து வேறு கால் வந்துவிடும். குழந்தைக்குப் பல் முளைத்த படத்தைப் பார்த்தோம், உன் அப்பா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கடைசியில் பல் எது மூக்கு எது என்று தெரியாமல் என்னிடம் நீட்டினார். அவருக்கு முழங்கால் வலி தேவலை, பஸ் டிப்போவில் கூட வேலை பார்த்தவர்களோடு தினமும் நடக்கப் போகிறார்.

நம் கட்டடத்தில் துணி துவைக்கும் அறையின் சாவி பதினோரு வருஷமாக என்னிடம் இருந்தது உனக்குத் தெரியும். பதினெட்டு வீட்டுக்கும் மூன்று மெஷின், யாருக்கு எந்த நேரம், எது பழுது என்று நோட்டில் எழுதுவது என் வேலை. ஐந்து மாதம் முன்னால் நாலாம் மாடிக்கு ஒரு குடும்பம் வந்தது. வேறு ஏதோ தேசம், நம் பாஷையும் கிடையாது இந்த ஊர் பாஷையும் கிடையாது, அந்த வீட்டுக்காரர் மட்டும் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே வகுப்புக்குப் போய்க் கொஞ்சம் எழுதப் படிக்கக் கற்றிருக்கிறார். அவர் மனைவி மெஷினில் சேரும் பஞ்சை எடுக்க மாட்டாள், நேரம் முடிந்தும் துணியை உள்ளேயே விட்டுவிடுவாள், ஒருநாள் சோப்புத்தூளை அள்ளிக் கொட்டி நுரை படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. நாம் இந்தத் தேசத்துக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன், அன்றைக்கு நீ பெரியம்மா என்று கூப்பிடும் இரண்டாம் மாடி உள்ளூர்க்காரிதான் நர்ஸ் உடுப்போடு ஓடி வந்து வாளி வாளியாக வாரிக் கொட்டி, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்க உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பெண்ணிடம் எதையும் வாயால் சொல்ல வழியில்லை, அதனால் சனிக்கிழமை அவள் வீட்டுக்காரர் வரும்போது மறக்காமல் சொல்லலாம் என்று தேதி போட்டு நோட்டில் குறித்து வைத்தேன். சொல்லவும் சொன்னேன், அவரும் அவளிடம் சொல்லித் திருத்தினார். மற்றவர்கள் செய்ததை நான் எழுதியதே இல்லை. நம் கட்டடத்து முடிவெட்டுகிறவர் கால்மிதியைப் போட்டு மெஷின் பெல்ட்டை அறுத்தார், பெரியம்மா சிவப்புக் கோட்டு ஒன்றைப் போட்டு மூன்று வீட்டுத் துணியை ரோஸ் கலர் ஆக்கினாள், உன் அப்பா கிரீஸ் சட்டை போட்டதற்கு நான் எத்தனை நாள் சண்டை பிடித்திருப்பேன். தெரிந்தவர்கள்தானே, முகத்துக்கு நேரே திட்டிவிட்டு டீ குடித்துவிட்டுப் போவோம். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் இந்தக் கட்டடத்திலேயே தப்பு செய்கிறவர்கள் நாலாம் மாடிக்காரர்கள் மட்டும்தான் என்று தோன்றும். இது எனக்கு உறைக்கவே இல்லையடா.

போன ஞாயிற்றுக்கிழமை கீழ் ஹாலில் கூட்டம். நாலாம் மாடிக் குடும்பத்தின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா என்று கட்டடத்துச் சொந்தக்காரர் குடியிருப்போரைக் கேட்டிருக்கிறார், வருகிற ஞாயிறு கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். முடிவெட்டுகிறவர் ஒரு பேப்பரை விரித்துக் கருத்துக் கணிப்பு என்று வாசித்தார். பல தேசத்து ஜனங்கள் கலந்து வாழ்வது நல்லது என்று நூற்றுக்கு எழுபது பேர் சொன்னார்களாம், பக்கத்து வீட்டுக்கு வந்தால் சம்மதமா என்று கேட்டதும் அதில் பாதிப் பேரைக் காணவில்லை. பிறகு குடியிருப்போர் சங்கத் தலைவி என்ற முறையில் பெரியம்மா எழுந்தாள். கையில் என் நோட்டு. போன வாரம்தான் மெஷின் பழுது பார்க்கத் தேதி வேண்டும் என்று என்னிடம் வாங்கிப் போயிருந்தாள். பதினாறு வரி, ஒன்று விடாமல் வாசித்தாள். வாசித்துவிட்டு, இதை நாம சொல்லல, வெளியிலேர்ந்து வந்து நம்மளோட ஒண்ணா கலந்துட்டவங்களே எழுதியிருக்காங்க, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் என்று என்னைக் கைகாட்டினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

மறுநாள் பெரியம்மா வீட்டுக்குப் போய், நீ செய்தது நியாயமா என்று கேட்டேன். நீ எதுக்கு உன்னை அவங்களோட சேத்துக்கறே, உன்னை நாங்க அப்படி நினைச்சதே இல்லையே என்றாள், அன்பாகத்தான் சொன்னாள். உன் சிவப்புக் கோட்டு என்ன ஆச்சு என்றேன். அது நோட்டுல இல்லையே என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வீட்டுக்கு வந்து, ஞாபகத்தில் இருந்த எல்லோருடைய தப்பையும், நம் வீட்டுத் தப்பையும் சேர்த்து, வேறு தாளில் எழுதிக் கட்டடத்து வாசலில் ஒட்டிவிட்டேன். அவ்வளவுதான், சாவியை வாங்கிக்கொண்டார்கள். எத்தனை வருஷம் ஆனாலும் அவங்க ஆளுங்களைத்தான் பாப்பாங்க என்று படிக்கட்டில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. என்ன ஆட்கள், எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கூடக் கிடையாது. இருபத்தெட்டு வருஷப் பழக்கம், பெரியம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது பதினைந்து நாள் நான்தானே கூட இருந்தேன். உனக்குக் காய்ச்சல் வந்தால் அவள் மடியில்தானே கிடப்பாய். அவள் என்னை ஏமாற்றிவிட்டாள். அதைவிட எனக்குப் பெரிய வலி, புதன்கிழமை போனில் நீ, அம்மா அவங்களும் கொஞ்சம் ஒத்துப் போகணும்ல, நாம போகலையா என்று கேட்டாயே, அதுதான். நீயும் இன்றைக்கு வேறு ஒரு தேசத்தில் குடியிருக்கிறாய். அங்கே உனக்கும் ஒரு நோட்டு இருக்கிறதோ என்னவோ.

நேற்று நாலாம் மாடிக்குப் போனேன். கூட்டத்து நோட்டீஸோடு நான் எழுதிய பக்கங்களையும் நகல் எடுத்து அவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் மேஜையில் வைத்து விரலால் ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார். அவர் வேலைக்கான விண்ணப்பம் முழுவதும் நான்தான் என் கையால் நிரப்பிக் கொடுத்தேன், என் எழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும். பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, அது இருந்திருந்தால் தேவலை. மனைவி ஏதோ கேட்டாள், அவர் இரண்டே வார்த்தை சொன்னார். அவள் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். அவளிடம் என்ன சொன்னீர்கள் என்று அவரைக் கேட்டேன். நீங்க உதவ வந்திருக்கீங்கன்னு சொன்னேன், இந்தக் கட்டடத்துல அவளுக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க, அதான் யார் எழுதினதுன்னு சொல்லல என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, அந்தப் பதினாறு வரியும் நான் எழுதியது, ஏன் எழுதினேன், யாரையெல்லாம் எழுதாமல் விட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன். அப்பாவுக்கு இஷ்டம் இல்லை, இனி யார் முகத்தில் விழிப்பது என்கிறார், ஆனாலும் கூட வந்து உட்காருவார். பெரியம்மாவுக்கு மாதா மாதம் போன் செய்வாயே, அதை என் பொருட்டு நிறுத்தாதே, உன்னை வளர்த்த கை அது. மருமகளை ஓய்வெடுக்கச் சொல், நீ வேளைக்குச் சாப்பிடு, உன் கட்டடத்தில் புதிதாக யாராவது வந்தால் நீயாகப் போய் ஒரு வார்த்தை பேசு. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல் நன்றாக இருக்க வேண்டும். அந்தப் பெண்ணும் ஞாயிறு கூட்டத்துக்கு வருகிறாள். நான் அவளுக்காகத்தான் பேசுகிறேன் என்று நினைத்து என் பக்கத்திலேயே உட்காருவாள். நான் பேசி முடித்ததும், என்ன சொன்னேன் என்று அவள் வீட்டுக்காரரைத்தான் கேட்பாள்.

இப்படிக்கு,
உன் அம்மா