உன் வண்டியும் உம்மாவின் தம்ளரும்

காக்கா,

உன் வண்டியின் பழைய ஷாக் அப்சார்பர்கள் நான்கையும் இன்று காலை உம்மாவின் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தேன். வாப்பாவின் கிழிந்த சாரத் துணிகளில் நீ சுற்றி வைத்தபடியே இருந்தன. முடிச்சை அவிழ்த்ததும் அந்த எண்ணெய் வாடை அறை முழுக்க ஏறியது. கருகிய இரும்பும் பழைய நல்லெண்ணெயும் கலந்தது போல, நீ வேலை முடித்து வந்து சோற்றுக்கு உட்காரும்போது அடிக்குமே, அதே வாடை. உம்மா துப்பட்டியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வாடைக்காகத்தான் என்று நினைத்தேன். தோள் குலுங்கியபோதுதான் புரிந்தது.

வண்டியை வாங்குகிறவர் பாளையங்கோட்டையில் கண் டாக்டர். ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி ராஜா கணக்கா இருக்கு. ஆனா உக்காந்தா எலும்பெல்லாம் எண்ணிரலாம் போலுக்கே" என்றார். கம்பெனியில் வந்த சஸ்பென்ஷனையே திரும்ப மாட்டிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வாராம். எலும்பு டாக்டராக இருந்தால் அப்படியே வாங்கியிருப்பார் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். சிரிக்க நீ இல்லை. விழுங்கிவிட்டேன்.

மற்ற வீட்டு காக்காமார் துபாயிலிருந்து வந்தால் தம்பிமாருக்குப் பெட்டியில் அத்தரும் பாதாமும் இருக்கும். உன் பெட்டியில் நான்கு ஷாக் அப்சார்பரும், சுருள் கம்பிகளும், வயர் தொங்கும் ஒரு சின்னப் பெட்டியும் இருந்தன. அதே வாரம்தான் தலைமையாசிரியரின் ஸ்கூட்டரில் 'விற்பனைக்கு' என்று நான் அட்டை தொங்கவிட்டு, இரண்டு பேர் விலை பேச வந்து, என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். வாப்பா ஒரே மூச்சில் இருவரையும் பார்த்துச் சொன்னது நினைவிருக்கிறதா? "ஒருத்தனுக்கு சஸ்பென்ஷன் துபாயிலேந்து வருது. இன்னொருத்தனுக்கு பள்ளிக்கூடத்துலேந்து வருது. நல்ல குடும்பம்வே!"

கொச்சியில் யாரோ ஓட்டிச் சலித்த கார் அது. கறுப்பு. காக்காவின் வண்டி வேறு என்ன நிறத்தில் இருக்கும்? பழைய சஸ்பென்ஷனும் பொத்தானை அழுத்தினால் இறுகும், இளகும். ஆனால் பந்தயத் தடத்தில் நாலு சுற்று சுற்றினால் உள்ளே எண்ணெய் சூடேறி, வளைவில் வண்டி சாய்ந்துவிடும் என்று நீ சொன்னாய். அதனால் எல்லாவற்றையும் கழற்றினாய். புதியதில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு குட்டி மோட்டார். சீட்டுக்கடியில் அந்தப் பெட்டி. எவ்வளவு இறுக்கம் என்று போனிலிருந்தே சொல்லலாம். மூன்று அளவுகளைச் சேமித்து வைக்கலாம். பெயர் வைத்தது நான்தான்: பந்தயத்துக்கு 'துபாய்', ரோட்டுக்கு 'ஊர்', எல்லாவற்றிலும் இளகியதற்கு, மெதுவாக என்று, 'பைய'.

பெயர் வைக்கக் கொடுத்த உன் போனிலிருந்து என் போனுக்கும் வழி செய்துகொண்டேன். ஆறுமுகநேரி உப்பளத்து ரோட்டில் நீ உன் கூட்டாளிக்கு வண்டியைக் காட்டிப் பெருமை பேசியபோது, பின்சீட்டிலிருந்து சத்தமில்லாமல் 'பைய' என்று மாற்றினேன். புன்னக்காயல் தோணி அலையில் ஏறுவது போல வண்டி அசைந்து அசைந்து போயிற்று. இறங்கி நாலு சக்கரத்தையும் குனிந்து பார்த்தாய். நான் சிரிப்பை அடக்க முடியாமல் சீட்டைக் கடித்தேன்.

"ஏலே, ஒன் வேலதானா? வண்டியா லே இது, தோணியா?"

"ரெண்டுக்கும் நீதானே காக்கா மாலுமி."

அன்றே கடவுச்சொல்லை மாற்றிவிட்டாய். எவ்வளவு முயன்றும் எனக்குக் கிடைக்கவில்லை.

கோயம்புத்தூர்ப் பந்தயத் தடத்தில் உனக்குக் கிடைத்தது ஒரு பகல். காலை முழுக்க வண்டி உன் சொல் கேட்கவில்லை. வளைவில் மூக்கு திரும்ப மாட்டேன் என்றது, பின்பக்கம் உட்கார்ந்தது. நீ பின்னால் இறுக்கினாய், முன்னால் இளக்கினாய், மறுபடி இறுக்கினாய், துபாயில் இருந்த கூட்டாளியைக் கூப்பிட்டுச் சண்டை போட்டாய். அப்போதுதான் உம்மா போன் பண்ணினாள்.

"சாச்சிக்கு கருப்பட்டி குடுத்தாச்சா லே?"

நீ என்னைப் பார்த்தாய். நான் டிக்கியைத் திறந்தேன். உடன்குடிக் கருப்பட்டி இரண்டு சிப்பம், கோவையில் இருக்கும் சின்னம்மா சாச்சிக்கு, ஓலைப் பெட்டியில் கம்முனு உட்கார்ந்திருந்தது. அதோடு ஒரு வாளி மாசிக் கருவாடு. இவ்வளவு பாரத்தையும் சுமந்துகொண்டு காலை முழுக்கப் பந்தயம் ஓட்டியிருக்கிறாய்! தடத்துக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இறக்கி வைத்துவிட்டு 'துபாய்' போட்டு ஓட்டினாயே, அந்த மத்தியானம்! ஹெல்மெட்டைக் கழற்றியபோது உன் முகம் பெருநாள் பிறை கண்ட பிள்ளை போல இருந்தது. "சொல்லுததக் கேக்குது லே" என்றாய்.

அடுத்த லீவுக்கு நீ தடத்துக்குப் போகவில்லை. முதுகு வலி என்றாய். வண்டியால் வந்தது என்று வாப்பா திட்டினார். வண்டியால் இல்லை. தண்டுவடத்துக்குப் பக்கத்தில் கட்டி என்றார்கள். வாராவாரம் திருநெல்வேலிக்கு வந்து ஊசி ஏற்ற வேண்டும் என்றார்கள்.

முதல் வாரம் வாடகைக் காரில் போனோம். குறும்பூர் தாண்டும் முன்பே நீ துண்டைக் கடித்துக்கொண்டாய். திரும்பி வந்து படுத்ததும், "இனி நா வரல உம்மா. நோவ விட ரோடுதான் கொல்லுது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். ரோட்டைத் தாங்கினால்தான் மருந்து. மருந்து இருந்தால்தான் நீ. இவ்வளவுதான் கணக்கு.

நான்தான் உன் வண்டியைச் சொன்னேன். "அந்தக் கல்லு வண்டியிலயா?" என்று வாப்பா பாய்ந்தார். ஆனால் அதன் சீட்டு உடம்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும், பக்கவாட்டில் ஆடவிடாது. உனக்குத் தெரியாமல் முதலில் உம்மாவை அதில் சாய்த்துப் படுக்கவைத்தேன். கையில் தளும்பத் தளும்ப ஒரு தம்ளர் தண்ணீர். வாப்பா ஓட்ட, நான் பின்னால். அதற்குத்தான் கடவுச்சொல் கேட்டு உன் கட்டிலருகே வந்தேன். எதற்கென்று நீ கேட்கவில்லை. "ஒன் பேருதாம்லே" என்றாய். உலகத்துப் பெயரையெல்லாம் போட்டுப் பார்த்த மடையன், அதை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை.

ஆறுமுகநேரி வேகத்தடையில் 'பைய' வைத்து ஏற்றினோம்.

"சிந்துச்சா உம்மா?"

"மொத குலுக்குல ஒண்ணும் ஆவல. பொறவுதான் ஆடி ஆடி ஊத்திட்டு. ஏந் துப்பட்டி பூரா நனஞ்சிட்டு. ஒங்க வெளாட்டுக்கு நாந்தான் கெடச்சனா?"

கம்பிச் சுருள் கடினமாயிற்றே, இளக்கி விட்டால் அடி தெரியாது, ஆனால் ஆட்டம் நிற்காது. அதனால் பள்ளத்துக்கு முன்னால் ஒரு அழுத்தல், இளக. ஏறி இறங்கிய அந்த நொடியே இன்னொரு அழுத்தல், இறுக. தம்ளர் சிந்தாமல் வரும்வரை உம்மாவை உப்பளத்து ரோட்டில் ஏற்றி இறக்கினோம். ஈர உடுப்போடு இறங்கியவள், "இனி எம்புள்ளய ஏத்துங்க" என்றாள்.

நீ ஏறினாய். குறும்பூர், ஆழ்வார்திருநகரி, கருங்குளம், செய்துங்கநல்லூர்: எந்த ஊரில் எந்தப் பள்ளம் என்று பாடப் புத்தகத்தைவிட எனக்கு நன்றாகத் தெரியும். "பைய போங்க வாப்பா" என்று நான் சொல்வேன். விரல் போனிலேயே இருக்கும். கருங்குளத்துப் பள்ளம் முதல் தடவை கடந்தபோது நீ கண்ணைத் திறந்து, "பள்ளத்த தூத்துட்டானுவளா லே?" என்றாய். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த பெரிய பரிசு அதுதான்.

நோன்பு தொடங்கும்வரை அப்படி ஓடினோம். பிறகு ஒருநாள், இனி இவ்வளவு தூரம் அலைய வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் வாப்பாவிடம் சொன்னார். வாப்பா எங்களிடம் சொல்லவில்லை. அவர் வண்டியைக் கிளப்பிய விதத்தில் நீ தெரிந்துகொண்டாய் என்று நினைக்கிறேன்.

ஆழ்வார்திருநகரி தாண்டி, இரண்டு பக்கமும் வாழை. ரோடு ஆளில்லாமல் கிடந்தது.

"ஏலே, துபாய் போடு."

"வலிக்கும் காக்கா."

"வலிக்கட்டும். போடுலே. வாப்பா, கொஞ்சம் மிதிங்க."

மொபெட்டையே தள்ளிக்கொண்டு போவது போல ஓட்டுகிற வாப்பா மிதித்தார். வண்டி இறுகித் தரையைக் கவ்வியது. ஒவ்வொரு கல்லும் உன் முதுகில் ஏறியது எனக்குத் தெரிந்தது. நீ பல்லைக் கடித்தாய். கண்ணை மூடிக்கொண்டு வலது கையால் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பினாய், ஒவ்வொரு வளைவுக்கும் சரியாக.

"இப்பத்தாம்லே ரோடு தெரியுது."

கொஞ்ச நேரம் கழித்து, "போதும். பைய போடு" என்றாய்.

உன்னைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்து, அடக்க மையவாடிக்குத் தூக்கியபோது, முன்னால் ஒரு மூலைக்கு நான் தோள் கொடுத்தேன். நான் குட்டை, என் மூலை தாழ்ந்தது. பின்னால் வந்த வாப்பா என் தோளுக்கும் சந்தூக்கின் மரத்துக்கும் நடுவே தன் கையை மடித்துக் கொடுத்தார். நாலு மூலையும் மட்டமாயிற்று. "பைய, பைய" என்று யாரோ சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

இன்று பாளையங்கோட்டைப் பட்டறையில் உன் நான்கையும் கழற்றிப் பழையதை மாட்டினார்கள். வண்டியை டாக்டர் எடுத்துக்கொண்டு போனார், நோகாமல். நானும் வாப்பாவும் பேருந்தில் திரும்பினோம். கருங்குளம் வந்தது. என் கட்டைவிரல் தானாக முழங்காலில் அழுந்தியது. பேருந்து எல்லாரையும் தூக்கிப் போட்டது. பழக்கத்தில் இரண்டாவது தடவையும் அழுத்தினேன், ஆட்டம் நிற்க. பக்கத்தில் வாப்பா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் வந்து இறங்கியும், இதை எழுத உட்கார்ந்தும், அந்த இரண்டாவது அழுத்தலிலிருந்து விரலை நான் இன்னும் எடுக்கவில்லை காக்கா.