இடப்பக்கத்துப் பதில்

அன்பு மகள் நஹ்ரினுக்கு,

ஆண்டவர் காக்கிற அளவில் நானும் உன் அம்மாவும் நலமாயிருக்கிறோம். ஸ்வீடனின் குளிரில் நீயும் நலமாயிருக்க மன்றாடுகிறோம். அம்மாவின் முழங்கால் வலி குறையவில்லை. ஆயினும் உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பேரீச்சை வைத்துக் குலேச்சாப் பலகாரம் சுட்டாள், உண்ண ஆளின்றிப் பாதியை அண்டை வீட்டாருக்கு அனுப்பினாள்.

நீ நெடுநாள் காத்திருந்த செய்தி வந்துவிட்டது. இரு பக்கமும் மாறி மாறிப் பாடுமாறு நீ இயற்றிய உயிர்ப்புப் பாடலை ஒரு சொல்லும் மாற்றாமல் வழிபாட்டில் பாட ஆயர் இசைவு தந்துவிட்டார். அதே வாரத்தில்தான் மத்தி மாமா ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். உன் தோழியர் அனைவரும் ஊரைவிட்டுப் போனபின், வலப்பக்கம் நான் பாடும் அடிக்கு இடப்பக்கம் நின்று பதில் பாட அவர் ஒருவரே எஞ்சியிருந்தார். "நான் ராகத்தைக் கெடுக்குறேன்னு காலமெல்லாம் திட்டினீரே, இனிமே நிம்மதியா இரும்யா" என்று சிரித்துக்கொண்டே வண்டி ஏறினார்.

பங்குக் குரு பெஹ்னாம் சுவாமி, "ரெண்டு பக்கத்தையும் நீங்களே பாடிடுங்க, கடவுள் பக்கம் பார்த்துக்கிட்டா இருக்காரு?" என்றார். அழைப்பவரும் பதிலளிப்பவரும் ஒருவரேயானால் அது தனக்குத்தானே பேசுவதாகும் என்றேன். உன் குரலைக் கைபேசியிலிருந்து ஒலிக்கச் செய்யலாமா என்றும் கேட்டார். வழிபாட்டில் உயிருள்ள வாயே பாட வேண்டும் என்பது விதி; அதற்கும் நான் இணங்கவில்லை.

ஆகவே பெருவிழாக் காலையில் முதல் அடியை நான் பாடினேன், உன் இடப்பக்கத்து அடிக்கு உரிய நேரம் முழுவதும் வாய்மூடி நின்றேன், மூன்றாவதைப் பாடினேன், மீண்டும் நின்றேன். வார்தா அத்தை பெண்கள் பக்கத்திலிருந்து, "பாவம், மனுசனுக்கு மறந்துபோச்சு" என்று சொல்லிப் பழைய பாடலை எடுத்துக்கொடுத்தார். இருந்த சிலரும் அதையே பாடி முடித்தார்கள். உன் பாடல் அத்துடன் நின்றது. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "பிள்ளையோட பாட்டைப் பாடச் சொன்னா, வாயை மூடிக்கிட்டு நின்னுட்டு வந்திருக்கீங்க" என்றாள். நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

வெளியே செல்லும்போது தலையை மூடிக்கொள். நோன்பு நாள்களைத் தவறவிடாதே. ஆண்டவரின் கை உன்மேல் இருப்பதாக. ஒன்றை மட்டும் நினைவில் வை: இனி எங்கள் கோயிலுக்கென நீ ஏதும் இயற்றினால், ஒற்றைக் குரலுக்கே இயற்று.

உன் தந்தை,
வலப்பக்கத்து இஷோ