யோனா, ஐந்தாம் அதிகாரம்

ஜூலை 5, சனி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், என் மேலுதட்டில் ஐந்தாவது மீசை மயிர் இன்று காலை ஏழேகால் மணிக்குக் குளியலறைக் கண்ணாடியில் அதிகாரபூர்வமாகக் காணப்பட்டது. முன்பே குடியிருக்கும் நால்வரும் நலம். விழா எதுவும் இல்லை. பார்க்க வருபவர்கள் தூரத்தில் நின்று பார்க்கவும்.

தங்கை (எட்டு வயது, வீட்டின் உளவுத்துறை) நம்பவில்லை. "அது அழுக்குடா அண்ணா, போய்க் கழுவு" என்றாள். பொறாமை.

நாளை சபையில் ஜூன் மாதக் கணக்கெடுப்பு. என் வரிசையில் மூன்று வாரம் காலி. பேனா ஒன்று எடுத்துக்கொண்டு சீக்கிரமாகப் போய்விட்டால் ஐந்து நிமிட வேலை.

ஜூலை 6, ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாமல் இருந்தால் வெடித்துவிடுவேன்.

எங்கள் சபையில் இந்த வருடம் எல்லாரும் முழு வேதாகமத்தையும் வாசிக்கிறோம். வாசலை ஒட்டிய சுவரில் மாதம் ஓர் அட்டவணை. நாற்பத்திரண்டு பெயர்கள், அதிகாரத்துக்கு ஒரு கட்டம், எறும்பு உட்காரும் அளவு. வாசித்தால் டிக். இதற்குத் தலைவர் என் பெரியப்பா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதிக்கிற கால் வீட்டிலும் சும்மா இருக்காது. நாம் சிரித்தால், ஓடினால், இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டால் அவர் கால் தரையை மிதிக்கும். பெரியப்பா இல்லை இவர், பெரிய அப்பப்பா.

ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்றார். என் வரிசையைக் காட்டினார். "ஒரே பேனா, ஒரே சாய்வு, மூணு வாரம். சரி, படிச்சிருப்பான். டேய், நூத்துப் பத்தொன்பதாவது சங்கீதம் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு பெரியப்பா."

"நீளமா, சின்னதா?"

இரண்டில் ஒன்று. சரிபாதி வாய்ப்பு. "சின்னதுதான். ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டேன்."

வேதாகமத்திலேயே மிக நீளமான அதிகாரமாம் அது. நூற்று எழுபத்தாறு வசனம்.

போதகர் முதல் தொட்டில் குழந்தை வரை சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், நானே நல்ல நகைச்சுவைக்கு மரியாதை கொடுப்பவன். ஆனால் மூன்றாவது வரிசையில் அம்மா குனிந்துகொண்டாள். கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். அதில் தேட ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும்.

பெரியப்பா, இதை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 7

தண்டனை இல்லையாம், பொறுப்பாம். பின்தங்கிய பத்துப் பேரை வாராவாரம் நேரில் பார்த்து ஊக்குவிக்க வேண்டுமாம். படிக்காதவன் படிக்காதவர்களைப் படிக்க வைக்கணும். என்ன மூளை.

"ஊக்குவிப்பாளர்" என்று அட்டை வேறு எழுதிக் கொடுத்தார். ஊக்கு விற்பவன் என்று தங்கை வாசித்தாள். இரண்டுமே குத்துகிற வேலைதான்.

ஜூலை 12

ஆச்சரியம், எனக்கு இந்த வேலை வருகிறது.

எவரிடமும் "படிங்க" என்று சொல்வதில்லை. பாதிக் கதை சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். விஷயம் எல்லாம் ஞாயிறு பள்ளியில் சின்ன வயதில் கேட்டது. மின்வாரிய மாமாவிடம், "ஒருத்தன் தன் கழுதையை அடிக்கிறான், அது திரும்பிப் பார்த்துப் பேசுது. என்ன பேசுச்சுன்னு அடுத்த வாரம் சொல்றேன்" என்றேன். "எங்கடா இருக்கு அது?" என்று பின்னாலேயே படி இறங்கி வந்தார்.

சலவைக்கடை அக்காதான் கடினம். விடுதிகளின் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிறார். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார், விரலை வரிக்குக் கீழே வைத்து. ஒரு விரிப்புக்கு ஒரு வசனம். புத்தகம் மிகப் பழையது, சட்டைத் துணியில் உறை தைத்திருக்கிறார். "நாலாவதோட பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டாங்க தம்பி. எனக்கு வேகம் வராது. ஆனா தாண்டிப் போக மாட்டேன்."

எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று பார்த்தேன். என்னைவிட அறுநூறு அதிகாரம் முன்னால். (நான் பூஜ்யம்.)

ஜூலை 19

ஆதாரம் சிக்கியது. சாட்சிகள் கவனிக்க.

பெரியப்பா எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு வரும் வழியில் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார். ஓட்டியவர் ஒரு பல் மருத்துவர், கற்றுக்கொள்கிறார், பின்பக்கமாக வண்டியை நிறுத்தப் பத்து நிமிடம் போராடினார். அந்தப் பத்து நிமிடத்தில் பெரியப்பா சட்டைப்பையிலிருந்து, வீட்டில் குறித்துக்கொள்ளக் கொடுக்கும் இந்த மாதப் பட்டியலை எடுத்து, டிக், டிக், டிக், ஒரு வாரத்தை முடித்துவிட்டார். கண்ணாடிகூடப் போடவில்லை.

அவர் இறங்கியபோது முன்னால் கிடந்த வேதாகமத்தைத் திறந்தேன். பக்கம் குறிக்கும் நாடா எண்ணாகமத்தில். அது பிப்ரவரியில் வர வேண்டிய இடம். நாடாவைத் தூக்கினால் தாளில் அதன் தடம், அழுந்திப் பதிந்த கோடு.

ஐந்து மாதம்.

அன்றைக்கு அந்த மனுஷன் எப்படி நின்று பேசினார். எப்படிப் பேசினார்.

ஜூலை 20

சொல்லிவிடலாமா? சொன்னால் யார் நம்புவார்கள்? நூற்றுப் பத்தொன்பதை இரண்டு நிமிடத்தில் முடித்த வீரன் சொன்னால்?

இல்லை. அவர் எப்படிப் பிடித்தாரோ அப்படியே பிடிக்கணும். எல்லார் முன்னாலும், அவர் வாயாலேயே. கட்டத்தில் டிக் போடச் சொன்னவருக்கே கட்டம் கட்டுகிறேன்.

ஆகஸ்ட் 24

யோசித்து யோசித்து ஐந்து வாரம். இன்று கிடைத்தது. இவ்வளவு எளிதா?

அட்டவணையும் மாதப் பட்டியலும் அடிப்பது எங்கள் அப்பாவின் ஜெராக்ஸ் கடையில். தட்டச்சு செய்வது யார்? நானே. சரிபார்ப்பது யார்? பெரியப்பா. அதாவது, ஒருவரும் இல்லை.

செப்டம்பர் 30 அன்று யோனா முடிகிறது. யோனாவுக்கு மொத்தம் நான்கே அதிகாரம். நான் அடித்தது: யோனா 3, 4, 5.

இல்லாத ஐந்தாம் அதிகாரத்துக்கு அழகான ஒரு கட்டம். வாசிக்கிறவன் தேடிப் பார்த்துவிட்டு நிற்பான். வாசிக்காதவன் டிக் போட்டுவிட்டுப் போவான். அக்டோபர் முதல் ஞாயிறு கணக்கெடுப்பில் நான் எழுந்து பணிவாக, மிகப் பணிவாகக் கேட்பேன்: "பெரியப்பா, யோனா அஞ்சாவது எப்படி இருந்துச்சு? நீளமா, சின்னதா?"

அந்தக் கால் பிரேக்கைத் தேடட்டும்.

ஆகஸ்ட் 31

செப்டம்பர் அட்டவணை சுவரேறியது. பெரியப்பாவே பசை தடவினார். "ஒழுங்கா அடிச்சிருக்கடா" என்று தோளில் தட்டினார். தட்டுங்கள், தட்டுங்கள்.

செப்டம்பர் 14

என் வரிசையும் ஒழுங்காகப் போகிறது. இப்போது மூன்று பேனா வைத்திருக்கிறேன். சாய்வும் வேறு வேறு. பட்டுத் தெளிந்தவன்.

செப்டம்பர் 27

மூன்று நாள். கண்ணாடி முன் நின்று "நீளமா, சின்னதா" சொல்லிப் பார்த்தேன். குரல் "சின்னதா"வில் உடைகிறது. பயிற்சி தேவை.

செப்டம்பர் 30, செவ்வாய்

சாயங்காலம் சலவைக்கடை அக்கா போன் செய்தார். பின்னால் இயந்திரங்கள் சுற்றும் சத்தம்.

"தம்பி, யோனா அஞ்சாவது எங்க இருக்கு? நாலு முடிஞ்சதும் மீகாவுக்குப் போயிடுது. ரெண்டு மூணு தடவை பார்த்துட்டேன்."

 இவரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. உண்மையைச் சொன்னால் நாளைக்குள் சபை முழுக்கத் தெரிந்துவிடும், மூன்று மாத உழைப்பு காலி.

"நல்லாத் தேடுங்க அக்கா. இருக்கும்."

"அப்ப என் புத்தகத்துலதான் தாள் விழுந்துடுச்சு போல. பழசுல்ல. சரி தம்பி, நான் பார்த்துக்கறேன்."

ஐந்து நாள்தானே. ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் புரிந்துவிடும். அவரும் சிரிப்பார்.

சிரிப்பாரா?

அக்டோபர் 5, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் முதல் ஆளாகப் போய், புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் எல்லாரும் குறித்துவிட்டுப் போன அட்டவணையைப் பார்த்தேன். யோனா ஐந்துக்குக் கீழே டிக், டிக், டிக். மேலிருந்து கீழே ஒரு பாத்தி கீரை மாதிரி. பெரியப்பா வரிசையில் பெரிய டிக், வாலோடு. போதகர் வரிசையில்... எழுதக்கூடாது. இருந்தது. கழுதையைத் தேடி ஓடிய மின்வாரிய மாமா, அவருமா? அம்மாவும்.

நாற்பத்திரண்டில் நாற்பத்தொரு டிக். ஒரே ஒரு காலிக் கட்டம்.

ஆராதனை முடிந்தது. பெரியப்பா எழுந்தார். நானும் வாயைத் திறக்கத் தயாராக இருக்கை விளிம்பில் உட்கார்ந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"செப்டம்பர்ல எல்லாரும் அருமை. ஒரே ஒருத்தர்தான் ஒரு கட்டம் விட்டிருக்காங்க. சலவைக்கடையம்மா, இவ்வளவு தூரம் வந்துட்டு ஒரு அதிகாரத்தை விடலாமா?"

கேலி இல்லை, பாசமாகத்தான் சொன்னார். ஆனால் எல்லாத் தலையும் திரும்பியது. அக்கா எழுந்து நின்றார். கையில் அந்தச் சட்டைத் துணி உறை.

"மன்னிச்சுக்கோங்க. என் புத்தகத்துல அந்தத் தாள் இல்ல. பக்கத்து வீட்டுலயும் வாங்கிப் பார்த்தேன், அவங்களோடதுலயும் இல்ல. யார்கிட்டயாவது இருந்தா குடுங்க. வாசிச்சுட்டுத் திருப்பித் தந்துடறேன்."

பெரியப்பா தன் வேதாகமத்தை நீட்டினார். பெரிய மனசு முகத்தில் தெரிந்தது. "இந்தாம்மா, இதுல வாசிங்க."

அக்கா நின்றபடியே புரட்டினார். விரலை வைத்து, ஒவ்வொரு தலைப்பாக. நாங்கள் எல்லாரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நான் எழுந்து சொல்லியிருக்கலாம். 

"உங்களோடதுலயும் இல்லீங்களே."

முதலில் முன்வரிசையில் ஒரு புத்தகம் திறந்தது. அப்புறம் பின்னால். அப்புறம் எல்லாம். நாற்பது பேர் ஒன்றாகத் தாள் புரட்டினால் பெரிய மழை வருவது போல இருக்கிறது.  பெரியப்பாவின் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு போனது. அவர் கால் தரையை அழுத்தியது, ஒரு முறை, இரண்டு முறை. வண்டி நிற்கவில்லை.

இதுதானே கேட்டேன்? நான் எழுதி வைத்ததைவிட நன்றாக நடந்தது. கேள்வியைக்கூட நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அக்கா மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தார். தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல்.

அக்டோபர் 6

அம்மா பாத்திரம் கழுவும்போது தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்: "நாலு வரைக்கும் நிஜமா வாசிச்சேன்டா. அஞ்சு எங்கயாவது இருக்கும்னு போட்டுட்டேன்."

பழி வாங்கினால் உடம்பு லேசாகும் என்று நினைத்திருந்தேன். யார் சொன்னது?

அக்டோபர் 7

சலவைக்கடைக்குப் போனேன். உள்ளே நீராவி. மனசுக்குள் பெரிய உரை தயாரித்திருந்தேன், வாசலிலேயே மறந்துபோனது.

"அக்கா, அது நான் அடிச்சது. வேணும்னே. அன்னிக்கு போன்ல பொய் சொன்னேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப என் புத்தகத்துல தாள் எதுவும் விழலையா?"

"இல்லக்கா. முழுசா இருக்கு."

மூச்சு விட்டார். கையைத் துடைத்துக்கொண்டு அந்த உறையை ஒரு முறை தடவினார். "அஞ்சு நாளா வீடு முழுக்கப் பெருக்கிப் பெருக்கித் தேடினேன் தம்பி. கட்டில் அடியில எல்லாம்." அப்புறம்தான் முறைத்தார். "உன்னை அந்த இயந்திரத்துல போட்டு ரெண்டு சுத்து விடணும்."

"விடுங்க."

"சட்டை சுருங்கிடும், போ." ஒரு விரிப்பை உதறினார். "ஆனா ஒண்ணு சொல்லு. நாலாவதுல அவன் கோவமா உட்கார்ந்திருக்கான். கர்த்தர் கேள்வி கேட்டதோட நிக்குது. அவன் என்ன பதில் சொன்னான்? அதுக்காகத்தான் அஞ்சாவது இருக்கும்னு நம்பினேன்."

தெரியாது என்றேன். வாசித்ததில்லை என்றேன்.

"உட்காரு. சத்தமா வாசி."

நான்கு அதிகாரத்தையும் வாசித்தேன். எனக்கு யோனாவை விழுங்கிய மீன் மட்டும்தான் தெரியும். மீனுக்கு அப்புறம் இவ்வளவு இருக்கிறதா? ஊர் அழியும் என்று சொல்லிவிட்டு, அது அழிவதைப் பார்க்க வெளியே போய் உட்கார்ந்திருக்கிறார் ஒரு மனிதர். அழியவில்லை என்று கோபம். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று மாதமாக அவர் பக்கத்திலேயே இடம் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பெரியப்பா எழுந்தார். "நான் பிப்ரவரியில இருந்து எண்ணாகமத்துலயே நிக்கறேன்" என்றார். உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

சிரிப்பு வரவில்லை, எனக்கும்.

அக்டோபர் 19, ஞாயிறு

நேற்று பெரியப்பா வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம், "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கக் கூடாது" என்றார். அம்மா தேநீர் போடப் போனாள். போகும்போது குனியவில்லை.

என்னிடம் திரும்பினார். "டேய், யோனா அஞ்சு நீ வெச்சதுதானே?"

"ஆமா."

"வெச்ச நீயே எதுக்குடா டிக் போட்டிருக்க?"

இதைத்தான் எழுதாமல் இரண்டு வாரம் தள்ளினேன். நாற்பத்தொன்றில் ஒன்று நான். பொறி வைத்தவன், தேதி வரை தெரிந்தவன், அன்று காலை மூன்று பேனாவோடு போய், வழக்கம் போல அந்த வாரக் கட்டங்களை எல்லாம் நிரப்பிவிட்டுத்தான் மற்றவர்கள் டிக்கை எண்ணவே ஆரம்பித்தேன். என் டிக்கை எண்ணும்போதுதான் பார்த்தேன்.

பெரியப்பா சிரித்தார். கால் மிதிக்கவில்லை. நானும் என்ன செய்வது, சிரித்தேன்.

இன்று காலை சுவரில் எங்கள் இரண்டு வரிசைகளையும் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்தோம். அவர் எண்ணாகமத்திலிருந்து. நான் ஆதியாகமம் ஒன்றிலிருந்து. இந்த வருடம் முடியாது. அக்கா டிசம்பரில் முடித்துவிடுவார், முடித்ததும் என்னை வந்து ஊக்குவிப்பாராம். பாதிக் கதை சொல்லிவிட்டுப் போய்விடுவாராம். என் வித்தையை என்னிடமே.

பெரியப்பா நாளுக்கு இரண்டு அதிகாரம், நான் மூன்று. முந்தாமல் விடமாட்டேன். இந்தப் பழி மட்டும் பாக்கி.

பிற்சேர்க்கை: ஜூலை ஐந்தாம் தேதி வெளியிட்ட அறிவிப்பில் சிறு திருத்தம். ஐந்தாவது மயிர் அன்றைக்கே சோப்பில் போய்விட்டது. பேனா மை. நாலுதான்.