கரண்ட் இல்லாத குடில்

மாட்டுங்கா, பம்பாய்
9 நவம்பர் 1969

ஆபிரகாம் அவர்களுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருக்கும் மனிதருக்கு இப்போதா இதையெல்லாம் எழுதுவது என்று என் வீட்டுக்காரி சேசம்மாள் கேட்டாள். உம்முடைய தாராவிப் பட்டறையில் நீர் எதிரே இருந்தபோது கேட்க வாய் எடுத்தேன், பேச்சை மாற்றினீர். தபாலில் வந்தால் மாற்ற முடியாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் உடம்பு. பேஸ்மேக்கர் ஒழுங்காக வேலை செய்கிறது. விலாவுக்குக் கீழே சோப்பு டப்பா வைத்துத் தைத்ததுபோல் புடைத்திருக்கிறது. பெல்ட் போட முடியவில்லை. ஆபீசில் என்னை மாடியிலிருந்து இறக்கிக் கீழே ஃபைல் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் படியேறிச் சிரமப்பட வேண்டாம் என்று மேனேஜர் கருணையோடு சொன்னார். மறுநாளே என் நாற்காலியில் அவருடைய மைத்துனன் உட்கார்ந்திருந்தான். அதிலிருந்து, யாராவது என் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டால் அவருக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்றுதான் பார்க்கிறேன்.

வெல்டிங் பக்கம் போகக் கூடாது, பொறி பறக்கிற மோட்டார் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது நீர் என் கட்டிலருகில்தான் இருந்தீர். உமக்குக் கண் கலங்கியது. ஆனால், அப்படியானால் பட்டறையில் நான் என்ன செய்யலாம் என்று நான் கேட்டதும், வாங்கி வந்திருந்த திராட்சை புளிக்கிறதா என்று கேட்டீர்.

அதன் பிறகு நடந்தவற்றைச் சொல்கிறேன். உம்முடைய வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் லூர்தம்மாள் மதினி மேஜை விசிறியை நிறுத்தினார். வியர்த்து வழிந்துகொண்டு மீன்குழம்பு சாப்பிட்டேன். அடுத்த முறையும் அதே கதை. சீக்கிரம் எழுந்து போகட்டும் என்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, வருவதை நிறுத்தினேன். யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

பட்டறையிலும் அதே மரியாதைதான். சந்து முனையில் என் தலை தெரிந்தால் போதும், கிரைண்டர் நின்றுவிடும், டிரில் நின்றுவிடும், ரேடியோவும் வாயை மூடிக்கொள்ளும். ஜன்னல் கிராதி செய்கிற ஆட்கள் அத்தனை பேரும் இருட்டில் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள். எனக்குத் தெரியக்கூடாத வேலை எதையோ செய்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த மூலையில் உள்ள பெஞ்சில் ஞாயிறுதோறும் நான் எத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாதா?

பிறகு, ஞாயிறுகளில் நான் பட்டறையைத் திறக்கிற அந்தச் சாவி. ஊருக்குப் புறப்படும்போது அதை என்னிடமிருந்து வாங்கிச் சேசம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர். அவளிடம் கேட்டேன். "சாவி எங்கிட்ட இருந்தா நீங்க தனியாப் போய் வெல்டிங்கைத் தொடமாட்டிய. அதுக்குத்தான் அண்ணன் தந்துட்டுப் போனாவ" என்றாள். பி.ஏ. படித்த என்னைத் தீப்பெட்டியை எடுத்து விளையாடுகிற குழந்தை என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறீர்கள்.

போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் பட்டறைக்குப் பின்பக்கமாக வந்தேன். அப்படியும் ஒருவன் பார்த்துவிட்டான். "ஏலே, சார் வாராவ, மெயினை அமத்து" என்று உம்முடைய ஆள் சொரிமுத்துவின் குரல் கேட்டது. நேரே போய் அவன் சட்டையைப் பிடித்து, என்ன மறைக்கிறீர்கள் என்று கேட்டேன். அவன் பயப்படவில்லை.

"மொதலாளி சொல்லிட்டுப் போயிருக்காவ சார். உங்க நெஞ்சுக்குள்ள கரண்டு ஓடுதாம்லா. வெளிய கரண்டு ஓடிச்சின்னா அதை இழுத்துருமாம். சார் இருக்க வரைக்கும் பல்புகூட எரியப்பிடாது, வேலை கெட்டா கெட்டுட்டுப் போவுதுன்னாவ."

விசிறியும் அதற்காகத்தானா என்று கேட்டேன். மதினி இஸ்திரிப் பெட்டியைக்கூட ஒளித்து வைத்துவிடுவார் என்று சொல்லிச் சிரித்தான்.

பல்பு என்னை என்ன செய்யும், ஆபிரகாம்? விசிறி என்ன செய்யும்? அந்தக் கருவியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை ஒரு வரி விடாமல் படித்தவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல், என் முதுகுக்குப் பின்னால் பேசி வைத்துக்கொண்டு, ஒரு பட்டறையையே நிறுத்தினீர். நன்றி சொல்ல வேண்டும் என்று சேசம்மாள் சொல்கிறாள். சொல்லியிருப்பேன், பட்டறை மூலையில் எதையோ மூடிக் கிடந்த அந்தச் சாக்கை மட்டும் நான் தூக்கிப் பார்க்காமல் இருந்திருந்தால்.

சாக்குக்கு அடியில் புது மோட்டார் இருந்தது. செம்பூர் எலக்ட்ரீசியன் கணேசபாண்டியன் கொண்டு வந்ததாம். நம் கோயில் கிறிஸ்மஸ் குடிலுக்காம். வருஷா வருஷம் சட்டத்தை நீர் வெல்டு செய்வீர். பொம்மை ஆட்டைத் தலையாட்ட வைப்பதும், சிறகு வைத்த சம்மனசை இறக்கி ஏற்றுவதும் என் வேலை. இந்த வருஷம் அதைக் கணேசபாண்டியனிடம் கொடுத்தாயிற்று. என்னைப் பாதுகாக்கத்தான் என்றால், அந்த மோட்டார் ஓடுகிற குடிலுக்குப் பக்கத்தில் நான் எப்படி நிற்பேன்? நடுராத்திரிப் பூசையில் எல்லாரும் குடிலில் பாலன் இயேசுவை முத்தமிடப் போகும்போது நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கவா? இதை நீர் யோசிக்கவில்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை. யோசித்தீர் என்றால் அது இன்னும் மோசம்.

நான் சும்மா இருக்கவில்லை என்பதும் உமக்குத் தெரிய வேண்டும். சோர் பஜாரில் காசிமிடம் ஒரு உடைந்த கிராமபோன் வாங்கினேன். கையால் முறுக்கினால் ஸ்பிரிங்கில் ஓடுகிற பழைய வகை. கரண்டே வேண்டாம். வீட்டுப் பால்கனியில் வைத்துப் பிரித்து, அதன் ஸ்பிரிங்கில் குடில் ஆட்டையும் சம்மனசையும் பூட்டினேன். துளை போடக் கைத்துரப்பணம், அரம், ரிவெட், இவை போதும். ஈயம் பற்றவைக்கிற கோலைக் கரி அடுப்பில் காயவைத்தேன். சோறு பொங்குகிற நேரத்தில் அடுப்பைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சேசம்மாளோடு தினம் சண்டை. முதலில் ஆடு பேய் பிடித்ததுபோல் தலையை ஆட்டியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். வேகத்தைக் குறைக்கிற திருகைச் சரிசெய்ததும் ஆடு நிதானத்துக்கு வந்துவிட்டது. சம்மனசும் குலுங்காமல் இறங்குகிறது.

ஒரு குறை உண்டு. ஒரு முறை முறுக்கினால் ஒரு பாட்டு முடியும் வரைதான் ஓடும். யாராவது ஒருவர் குடிலுக்குப் பக்கத்திலேயே நின்று முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கணேசபாண்டியன் இதைச் சொல்லிக் கேலி செய்வான். அவன் செய்யட்டும். நின்று முறுக்க எனக்குத் தெம்பு இருக்கிறது, டாக்டரிடம் கேட்டுவிட்டேன்.

குடிலுக்கு எது, மோட்டாரா ஸ்பிரிங்கா என்று நீரே எழுதும். சேசம்மாளுக்கு எழுதி அவள் மூலம் எனக்குத் தெரிய வேண்டாம். சொரிமுத்துவிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். இல்லை என்பதாக இருந்தாலும் என் பெயருக்கு எழுதும்.

லூர்து மேரிக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். மாதா அவர்களை நீண்ட நாள் சேர்த்து வைத்திருக்கட்டும். இதில் மட்டும் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. கல்யாணம் முடிந்ததும் அங்கேயே தங்கிவிடாமல் டிசம்பர் பிறந்தவுடன் வந்து சேரும். சட்டத்தை நீர்தான் செய்ய வேண்டும். வேறு ஒருவர் செய்த சட்டத்தில் என் ஆட்டைப் பொருத்த மாட்டேன்.

கீழே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நண்பன் என்று எழுதினால் மேலே கேட்டதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டதாக ஆகும். வெறும் பெயரை எழுதினால் ஆபீஸ் கடிதமாகிவிடும். எதைப் போடுவது என்பது உம்முடைய பதிலில் இருக்கிறது. அதனால் கையெழுத்துப் போடாமலே, இப்போதே கிங்ஸ் சர்க்கிள் போய்த் தபால் பெட்டியில் போடுகிறேன்.