சட்டையைத் தூக்கிப் பார்க்காத நாள்

மார்ச் 4, திங்கள்
இன்றைக்குக் காப்பகத்தில் வாசல் சோதனை என் முறை. இருபத்திரண்டு குழந்தைகள். நெற்றியில் தெர்மாமீட்டர், தொண்டையில் டார்ச், சட்டையைத் தூக்கி முதுகு, வயிறு. பிறகுதான் பெயருக்கு நேரே டிக். பதினாறு வருடமாகச் செய்கிறேன். சுங்க இலாகாவில் சேர்ந்திருந்தால் கடத்தல்காரர்கள் பாதிப் பேர் தொழிலை விட்டிருப்பார்கள்.

'ரேடியோ' வந்தாள். நான் வைத்த பெயர்தான். மூன்று வயது மகனை விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிற அவசரத்திலும் செய்தி வாசிக்காமல் போகமாட்டாள். பல் டாக்டரின் மனைவி இரண்டு பெட்டியோடு கோபித்துக்கொண்டு போனாளாம், மூன்று பெட்டியோடு திரும்பினாளாம். மூன்றாவதில் என்ன? அது நாளைக்காம். நல்ல இடத்தில் நிறுத்திவிட்டாள், பாவி.

மார்ச் 5
ரேடியோ வரவில்லை. போனில் அழுதாள். "பையனுக்கு உடம்பெல்லாம் கொப்புளங்க. சின்னம்மைன்னு சொல்லிட்டாங்க. நேத்து காலையில முதுகுல ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, கொசுக்கடின்னு நெனச்சேன்."

முதுகில். நேற்றுக் காலையில்.

தூக்கிப் பார்த்தேனா? நெற்றி பார்த்தேன். தொண்டை பார்த்தேன். அப்புறம் பெட்டி வந்துவிட்டது. டிக் மட்டும் போட்டிருக்கிறேன் — ஒய்யாரமாக, வால் நீட்டி.

நேற்று மத்தியானம் அவனை மடியில் போட்டுத் தூங்கவைத்தது என் தங்கை. இங்கேதான் அவளுக்கும் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து இப்போது நாலு மாதம்.

மார்ச் 6
"சின்ன வயசுல உங்களுக்கு அம்மை வந்திருக்கா?" என்று ஆஸ்பத்திரியில் தங்கையிடம் டாக்டரம்மா கேட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். அம்மா போனபிறகு எல்லா ஞாபகத்துக்கும் நான்தானே பொறுப்பு. எங்களில் ஒருத்தி தனி அறையில் கிடந்தாள், இன்னொருத்தி கதவிடுக்கில் நாக்கை நீட்டிப் பழித்தாள். எவள் எவள்? அடுத்த வீட்டுச் சண்டையை முப்பது வருடம் கழித்தும் தேதியோடு சொல்வேன். இது வரவில்லை.

இரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 7
பதிவேட்டை எடுத்தேன். டிக் பக்கத்தில் 'முதுகில் ஒரு கடி. தாய் கொசு என்றார்' என்று எழுதினால் போதும், பழி ரேடியோ தலையில். பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டேன்.

ச்சீ.

மார்ச் 8
அவளுக்கு வந்ததே இல்லை என்று இரத்தம் சொல்லிவிட்டது. நாக்கை நீட்டியவள் அவள்தான். உடனே ஊசி போட்டார்கள். "நாலு வாரம் பார்க்கணும். குழந்தைக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது." பெரும்பாலும்!

திரும்பும் வழியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெட்டியை, டிக்கை.

"கதை கேட்டுட்டு இருந்தியாக்கா?"

அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். ரெண்டு அறை விட்டிருக்கக் கூடாதாடி?

மார்ச் 15
போனை அவள் எடுக்கவில்லை. அவள் புருஷன்தான். "தூங்குறா, அண்ணி." பகல் பதினொரு மணிக்கு.

மார்ச் 18
நான்கு குழந்தைகளுக்குக் கொப்புளம். நான்கும் அந்த ஒரு டிக்கின் பிள்ளைகள்.

மார்ச் 21
அவள் கழுத்தில் சிவப்பாக ஒன்று. புருஷன் போட்டோ அனுப்பினார். விரித்து விரித்துப் பார்த்தேன்; எத்தனை விரித்தாலும் சிவப்புதான். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா விளக்கடியில் வைத்துப் பார்த்தார்.

"கொசுக்கடிங்க."

நிஜக் கொசு! சிரித்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து அழுதேன். தங்கைதான் கை கொடுத்துத் தூக்கினாள். இரண்டு வாரத்தில் முதல் தடவையாக என்னைத் தொட்டாள்.

ஏப்ரல் 1
அவனை அவள் மடியில் போட்டதிலிருந்து இருபத்தெட்டாவது நாள். ஒன்றும் வரவில்லை. தேதியைப் பார்த்தால்தான் நம்பப் பயமாக இருக்கிறது.

ஜனவரி 13
தங்கை வேலைக்குத் திரும்பினாள், ஐந்து மாத மகளோடு. வாசலில் என் முறை.

"அக்கா, அந்தப் பல் டாக்டர் வீட்டு மூணாவது பெட்டி இருக்குல்ல, அதுல என்னன்னு தெரிஞ்சுபோச்சு. அதுல —"

"இரு."

குழந்தையை வாங்கிக்கொண்டேன். நெற்றி. தொண்டை. சட்டையைத் தூக்கி முதுகு, வயிறு, அக்குள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி முதுகு. பிறகு டிக் போட்டேன், சின்னதாக.

பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்க மறந்தே போனேன்.