மண்டைக்காட்டுப் பக்கம் இழுத்த வண்டி

அன்புள்ள அத்தான்,

அன்போடுதான் தொடங்குகிறேன். முடிக்கும்வரை அது நிற்குமா, தெரியாது.

நேற்று நம் மகள் கவிதாவின் புதுக் காரில், தக்கலை ஜங்ஷனில் ஒரு ஆட்டோ வந்து முன்சக்கரத்தோடு இடித்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து, "அம்மா, வண்டி லேசா இடப்பக்கம் இழுக்கு" என்றாள்.

இதையேதானே அன்று நான் உங்களிடம் சொன்னேன்? நம் பழைய கார் தேங்காய் லாரியில் இடித்த பிறகு பம்பரை மாற்றினீர்கள், பெயின்ட் அடித்தீர்கள். ஊர் பார்ப்பது அதைத்தானே! சக்கரம் கோணியிருக்கும், வீல் அலைன்மென்ட் பாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டு, "ஏட்டி, தோஷம் எல்லாம் போயாச்சு" என்றீர்கள். அப்புறமும் இழுத்தது. "தக்கலைக்குப் போகும்போது கடல் இடப்பக்கம்லா? கரையில கோயில் கொண்ட மண்டைக்காட்டு அம்மை விளிக்கா" என்று சிரித்தீர்கள்.

வண்டியோடு உங்களைப் பேச்சிப்பாறைச் சானல் தண்ணீருக்குள் கூப்பிட்டுக்கொண்டதும் அம்மைதானா? மழையில் கண்ணாடியைத் துடைக்க ஒரு கையை எடுத்தீர்களாம். பக்கத்தில் இருந்து பிழைத்து வந்த உங்கள் தம்பி சொன்னார். ஊரே விதி என்றது. விதிக்கு ஸ்டீரிங் பிடிக்கத் தெரியுமா?

அதே தம்பி இன்று காலை நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்து நிற்கிறார். "மைனி, முதல்ல இதை ஏத்தி இறக்குவோம். பொறவு பாக்கலாம்." வந்த ஆத்திரத்தில் பழத்தைப் பிடுங்கி, பிழிந்து, உப்புப் போட்டு அவரிடமே நீட்டினேன். "இதைக் குடியும். குடிச்சிட்டு வண்டியில ஏறும்." ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஏறினார்.

பட்டறையில் கோணியிருந்த முன்சக்கரத்தைச் சரிசெய்தார்கள். ஒரு சாயா குடிக்கிற நேரம்தான் ஆனது. இதற்குத்தானா அத்தான் உங்களுக்கு நேரமில்லை?

திரும்பும்போது நேரான ரோட்டில், "பாரும்மா" என்று கவிதா ஒரு நொடி ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்துக் காட்டினாள். வண்டி நேராகப் போனது. பின்சீட்டில் உங்கள் தம்பி குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அழவில்லை. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மாசிக் கொடைவிழாவுக்கு மண்டைக்காட்டுக் கோயிலுக்குப் போவோம். ஆனால் நாங்களாகத் திருப்பினால்தான் இந்த வண்டி இடப்பக்கம் திரும்பும். இது உங்கள் மேல் சத்தியம்.

நீங்கள் பேச்சுக் கேட்காத,
உங்கள் பெண்டாட்டி